கையில் கொடுக்காத சட்டைப்பின்

இன்று காலை பேத்தி என்னிடம் ஒரு சட்டைப்பின் கேட்டாள். அவளுடைய வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் தொங்கும் சின்னக் கடிகாரத்தின் கொளுக்கி முறிந்துவிட்டது. தாதிப் பயிற்சிக்குப் போகிறவள். கடிகாரம் இல்லாமல் நோயாளியின் நாடி பிடித்துப் பார்க்க முடியாது. கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் என் சட்டையின் உட்பக்கத்திலிருந்து ஒன்றைக் கழற்றி, நீட்டிய அந்தக் கைக்குப் பக்கத்தில், மேசையில் வைத்தேன். வைத்த பிறகுதான் பார்த்தேன். கை ஒரு கணம் அப்படியே விரிந்தபடி இருந்தது. பிறகு அவள் பின்னை எடுத்துக் குத்திக்கொண்டு, பஸ் போய்விடும் என்று ஓடிவிட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு உலை வைக்க மனம் வரவில்லை, மச்சாள். அப்படி விரிந்த கை ஒன்றைப் போன மாரியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்தேன். அது உன்னுடைய கை.

பேத்தியின் பழைய கொப்பியில் மிஞ்சியிருந்த தாள்களைக் கிழித்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நீ நான்காம் வகுப்போடு. எனக்கு ஒரு வகுப்புக் கூட என்று உன்னைச் சீண்டுவேன் அல்லவா? அந்த ஒரு வகுப்பு இன்றைக்காவது உதவட்டும். உன்னிடம் நான் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று இருந்தது. இருபத்திரண்டு வருடம் சொல்லவில்லை. சொல்வதற்கென்றே புறப்பட்டு வந்த நாளிலும் சொல்லவில்லை. அதைத்தான் இப்போது எழுதப்போகிறேன். ஆனால் நேராக அதற்குப் போக எனக்கு வரவில்லை. சுற்றித்தான் வர வேண்டும். பொறுத்துக்கொள்.

நமக்குள் இரத்த உறவு இல்லை. உன் தாய்வழிக் குடி வேறு, என் குடி வேறு. ஊர் வழக்கத்தில் அதனாலேயே மச்சாள் முறையானோம். கல்யாணம் முடித்த புதிதில் இரண்டு பேரும் வாவிக் கரையில் இருந்த இறால் வாடிக்கு வேலைக்குப் போனோம். விடிந்ததும் தோணிகள் வரும். கூடை கூடையாகக் கொட்டுவார்கள். தலையைக் கிள்ளி, கோதைக் கழற்றி, முதுகில் ஓடும் கறுப்புக் குடலை எடுக்க வேண்டும். மற்றப் பெண்கள் கத்தியால் முதுகைக் கீறி எடுப்பார்கள். நீ மட்டும் ஒரு சட்டைப்பின்னை விரித்து, முதுகின் இரண்டாவது கணுவுக்குக் கீழே நுனியை விட்டு, ஒரே இழுவையில் நூல் மாதிரி உருவிவிடுவாய். இறால் முழுசாக இருக்கும். செத்த இறாலுக்கு நோகும் என்று பயமா என்று நான் கேட்டதற்கு, "இறாலுக்கு ஏன்கா நோகுது, வாங்குறவனுக்குத்தான் நோகும்" என்றாய். பிறகு எனக்கும் ஒரு பின்னை விரித்துப் பலகையில் வைத்தாய். அன்றையிலிருந்து நானும் கத்தியைத் தொடவில்லை.

உன் சட்டையின் உள்ளே, இடது பக்கம், ஏழு பின்கள் ஒன்றில் ஒன்று கோர்த்தபடி தொங்கும். நீ நடக்கும்போது அவை ஒன்றோடொன்று உரசும். பின்னால் நீ வருகிறாய் என்பதை அந்தச் சின்னச் சத்தத்தை வைத்தே நான் அறிந்துகொள்வேன். ஒவ்வொன்றுக்கும் தனி வேலை வைத்திருந்தாய். இறால் குடல் எடுக்கிற பின்னால் வேறு எதையும் தொடமாட்டாய். காலில் மீன்முள் ஏறினால் அதற்கு ஒன்று. விளக்குச் சுடரில் நுனி சிவக்கும்வரை காய்ச்சி, ஆறவிட்டு, முள் ஏறிய வழியாலேயே அதைத் திருப்பி எடுப்பாய். மண்ணெண்ணெய் அடுப்பின் துளை அடைத்தால் அதற்கு நுனி வளைந்த ஒன்று. பாவாடைக்கு நாடா கோர்க்க எல்லாவற்றிலும் பெரியது. காது குத்திய பிள்ளைக்குத் தோடு வாங்கும்வரை துளை தூர்ந்துபோகாமல் போட்டுவைக்க எல்லாவற்றிலும் சின்னது. ஆறாவது உன் சொந்தச் சீலைக்கு. இடம்பெயர்ந்து திரிந்த நாட்களில் நம் இரண்டு பேருடைய அடையாள அட்டையையும் துணியில் சுற்றி உன் சட்டைக்குள் குத்திவைத்திருந்ததும் அந்த ஆறாவதுதான்.

ஏழாவது என்னத்துக்கு என்று ஒருநாள் கேட்டேன். "அது கேக்கிற ஆளுக்கு" என்றாய். யார் கேட்பது என்றேன். "தெரியா. ஆரும் கேப்பாங்கதானே."

வாடியில் ஒரு பழக்கம் இருந்தது உனக்கு நினைவிருக்கும். உப்பும் ஊசியும் பின்னும் கையிலிருந்து கைக்குப் போகக்கூடாது. போனால் கொடுத்தவளுக்கும் வாங்கியவளுக்கும் பகை வரும் என்பார்கள். அதனால் கேட்டவளுக்கு முன்னால் பலகையில் வைப்போம், அவள் எடுத்துக்கொள்வாள். என் அம்மா அப்படித்தான் செய்தாள், நானும் அப்படித்தான் செய்தேன். உன்னிடம் எத்தனையோ நூறு தடவை பின் வாங்கியிருக்கிறேன். ஒரு தடவையாவது உன் விரல் என் விரலில் பட்டதில்லை.

ஒரே ஒரு தடவை பட்டது.

மகளுக்கு அப்போது ஏழு வயது. கரையில் ஏற்றிவைத்த தோணியில் ஏறி விளையாடி விழுந்துவிட்டாள். முழங்கைக்குக் கீழே கை வளைந்து தொங்கியது. நான் தலையில் கைவைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டேன். நீ உடுத்திருந்த சீலையின் தலைப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தாய். முக்கோணமாக மடித்து, பிள்ளையின் கையை நெஞ்சோடு சேர்த்து ஏந்தி, துணியைக் கழுத்தைச் சுற்றி எடுத்தாய். உன் இரண்டு கையும் பிள்ளையின் கையைப் பிடித்திருந்தன. "மச்சாள், பின்" என்றாய். உன் சட்டையிலிருந்து நான்தான் கழற்றினேன். கழற்றியதும் எங்கே வைப்பது என்று பார்த்தேன். யோசித்துப் பார், பிள்ளை கதறிக்கொண்டிருக்கிறாள், நான் பின் வைக்க இடம் தேடுகிறேன். சுற்றிலும் மணல்.

நீ என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாய்: "கையில தாகா. புள்ளட கை பெரிசா, சாத்திரம் பெரிசா?"

ஒரு கையை விடுவித்து நீட்டினாய். நான் உன் உள்ளங்கையில் வைத்தேன். ஈரமான, இறால் வாடை வீசிய உள்ளங்கை.

எலும்பு நேராகப் பொருந்தியது. கட்டிய ஆள் யார், நன்றாகக் கட்டியிருக்கிறாரே என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். இறால் உரிக்கிறவள் என்று சொன்னேன், நம்பவில்லை. அந்தக் கையால்தான் மகள் இன்றைக்கும் இடியப்பம் பிழிகிறாள். ஆனால் வாடியிலிருந்த ஒருத்தி, "கையில குடுத்திட்டாங்க, பாப்பமே எத்தின நாளைக்கெண்டு" என்றாள். நாம் சிரித்தோம். அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் நமக்குள் ஒரு முகச்சுழிப்பும் வரவில்லை.

அந்தப் பதின்மூன்று வருடத்தில் நீ ஊருக்கே பின் குத்துகிறவள் ஆனாய். கல்யாண வீடோ சாமத்திய வீடோ, சீலை உடுத்த உன்னைத்தான் கூப்பிடுவார்கள். கொசுவத்துக்கு எத்தனை, தோளுக்கு எத்தனை, வெளியே தெரியாமல் எந்த மடிப்புக்குள் குத்துவது என்பதெல்லாம் உன் விரலுக்குத் தெரியும். கோயில் வெளியில் கூத்து என்றால் வேடக்காரருக்கும் நீதான். ராசா வேடம் போட்ட ஆளின் மேலங்கி முதுகில் பிரிந்துபோக, நீ பின்னோடு போய் நின்றதும் அவர் நெளிந்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஏழு நாட்டை வெல்லப் போகிற ராசாவுக்கு ஒரு பின்னுக்குப் பயமா என்று நீ கேட்டாய். ஏழு நாட்டிலும் இப்படி ஒரு எதிரியைக் கண்டதில்லை என்றார் அவர்.

உனக்குப் பிள்ளை இல்லை. உன் மனிசனும் நீயும் மட்டும். நீ அதைப் பற்றிப் பேசுகிறவள் இல்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் கல்யாண வீடுகளில் சிலர் குசுகுசுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். பிள்ளை பெறாதவள் பெண்ணுக்கு முதல் சீலை உடுத்தலாமா என்று. என் மகளுக்குக் கல்யாணம் வந்தபோது என் வீட்டுப் பெண்களே என்னிடம் அதைச் சொன்னார்கள். நான் முற்றத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "என்ட மகளுக்கு உடுத்தினா என்ட மச்சாள்தான் உடுத்துவாள். பிடிக்காத ஆக்கள் பந்தலுக்கு வெளியில நிக்கலாம்."

நீ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, இறால் தண்ணீர் பட்டுவிட்டது என்றாய். அன்றைக்கு வாடிக்கு லீவு.

கல்யாணத்தன்று காலையில் பின்களைச் சாம்பலால் மினுக்கி, ஒவ்வொன்றின் நுனியையும் உன் விரலில் தொட்டுப் பார்த்து எடுத்துவந்தாய். கூறைச் சீலையை உடுத்தி முடித்ததும் மகளை எல்லோரும் கண்ணெடுக்காமல் பார்த்தார்கள். தோளில் குத்தியது உன் ஏழாவது பின். நான் கவனித்தேன். பெருமையாக இருந்தது எனக்கு.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இருந்தார்கள். மகள் மாலையோடு அறையிலிருந்து வெளியே வந்து, மணவறைக்கு ஏறக் காலைத் தூக்கினாள். அந்தச் சமயம் தோளிலிருந்து சீலை முழுவதும் வழுகிக் கீழே விழுந்தது. எத்தனை பேருக்கு முன்னால்! யாரோ ஒரு துவாயை எடுத்து மூடினார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா உச்சுக்கொட்டினார். அந்தச் சத்தம் என் தலைக்குள் போய்விட்டது. மகளின் காலடியில் பின் விழுந்து கிடந்தது. நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நான் சொன்ன சொல்லை இங்கே எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்குப் பொருள் இல்லை. எழுதுகிறேன்.

"புள்ள பெறாதவள்ட கை பட்டா இப்பிடித்தான் நடக்கும்."

நீ குனிந்து அந்தப் பின்னை எடுத்தாய். கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாய். பிறகு மகளை ஒருதரம் பார்த்தாய். பின்னை மூடி, எனக்குப் பக்கத்திலிருந்த வெற்றிலைத் தட்டில் வைத்தாய். என் கையில் தரவில்லை. பழக்கம் தவறாமல் தட்டில் வைத்துவிட்டு, படலையைத் திறந்துகொண்டு போய்விட்டாய். அன்று எங்கள் வீட்டில் ஊரே சாப்பிட்டது. நீ சாப்பிடவில்லை.

முதல் நாள் எனக்குக் கோபம். அடுத்த நாள் வெட்கம். அதற்கடுத்த நாள் நீ வந்து, பின்னைச் சரியாகக் குத்தாதது உன் பிழை என்று சொல்வாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வரவில்லை. நான் வீறாப்புக்காரி, உனக்குத் தெரியும். வாடிக்குப் போவதை நிறுத்தினேன். நீ கிணற்றடிக்கு வந்தால் நான் உள்ளே போனேன். ஒரே ஒழுங்கையில் எதிரெதிர் வீடு, இருபத்திரண்டு வருடம். என் மனச்சாட்சி குத்தும்போதெல்லாம் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தேன். அன்றைக்கு மணலில் வைத்துப் பின்னைக் கையில் கொடுத்தோமே, அதனால் வந்த பகை இது, நான் என்ன செய்வேன் என்று. அந்தச் சாத்திரம் எனக்கு மிகவும் வசதியாக இருந்தது, மச்சாள். அதைப் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு வீட்டில் யாருக்கும் எந்தப் பின்னையும் கையில் கொடுத்ததில்லை. பிள்ளைகளையும் கொடுக்க விட்டதில்லை.

பேத்தி முதலாம் வகுப்புக்குப் போன நாளில், எங்கள் வேலிக் கதியாலில் ஒரு புது அட்டை செருகியிருந்தது. அட்டை நிறையப் பின்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நெஞ்சில் கைக்குட்டை குத்தி அனுப்ப வேண்டும் என்று யாருக்குத் தெரிந்திருக்கும்? உன் படலையைப் பார்த்தேன். பூட்டியிருந்தது. நான் எடுத்து உள்ளே கொண்டுபோனேன். அடுத்த வருடமும் பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று அதே கதியாலில் ஓர் அட்டை. அதற்கடுத்த வருடமும். விளையாட்டுப் போட்டிக்கு அவள் முதுகில் இலக்கத் துணியைக் குத்தியது உன் பின். பெரிய வகுப்பில் கழுத்துப்பட்டி காற்றில் பறக்காமல் சட்டையோடு சேர்த்துக் குத்தியதும் உன் பின். பயிற்சிக்குப் போன பிறகு அவளோடு படிக்கிற காத்தான்குடிப் பிள்ளை, முக்காடு நழுவுகிறது என்று கேட்க, அந்த அட்டையிலிருந்து நாலு கொடுத்துவிட்டு வந்தாள். அந்தப் பிள்ளை உன்னைக் கண்டதே இல்லை.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். பதிலுக்கு ஒன்றும் வைக்கவில்லை. ஒரே ஒருநாள் இறால் பொரித்து ஒரு கிண்ணத்தில் மூடிக்கொண்டு புறப்பட்டேன். ஒழுங்கையின் நடுவரை வந்தேன். உன் வீட்டுக்குள்ளே நீ யாரோடோ சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது. நான் இல்லாமலும் அவள் சிரிக்கிறாள் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். என் புத்தி அப்படி.

போன மாரியில் பேத்தி வார்ட்டிலிருந்து வந்து, முன்வீட்டு அம்மம்மாவை அங்கே படுக்கையில் கண்டதாகச் சொன்னாள். என்னைக் கேட்டாயாம். கிழவி இன்னும் வெற்றிலை போடுகிறாளா என்று கேட்டாயாம். இடியப்பம் பிழிந்துகொண்டிருந்த மகள் கையை நிறுத்தினாள். உரலைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, அண்டைக்கு அந்தப் பின்னை நான்தான் கழட்டினனான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. எந்தப் பின் என்று கேட்டேன். அவள் சொன்னாள். மாலை போட்டபோது யாரோ தோளை அழுத்திவிட்டார்கள், பின்னின் நுனி தோலில் ஏறி இரத்தம் வந்தது. கூறையில் கறை பட்டால் அபசகுனம் என்று பயந்து, அறைக் கதவுக்குப் பின்னால் நின்று பின்னைத் திறந்துவிட்டாள். மடிப்பு அப்படியே நிற்கும், தாலி கட்டும்வரை தாங்கும் என்று நினைத்தாளாம்.

"மாமிக்குத் தெரியும். எடுத்துப் பாத்தாங்கதானே. மறுகா என்னப் பாத்தாங்க."

இவ்வளவு காலம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க அந்தச் சொல்லச் சொல்லிப்போட்டீங்க. அதுக்குப் பிறகு நான் என்னத்தச் சொல்ற?"

எழுந்து போய் அலுமாரியைத் திறந்தேன். வெற்றிலைத் தட்டிலிருந்து எடுத்த பின்னை ஒரு தகர ரின்னுக்குள் போட்டு வைத்திருந்தேன். எறியவும் இல்லை, பாவிக்கவும் இல்லை. இப்போதுதான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பாரம் தாங்காமல் கழன்ற பின் என்றால் கம்பி வளைந்திருக்கும். நாம் எத்தனை பின் கண்டவர்கள்! இது ஊசி மாதிரி நேராக இருந்தது. யாரோ கையால் திறந்த பின். அன்றைக்கு நீ கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தது இதைத்தான். பார்த்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் என் மகளைக் காட்டிக்கொடுக்காமல், என் சொல்லையும் சுமந்துகொண்டு படலையைத் தாண்டிப் போயிருக்கிறாய். நானும் அதே பின்னை இருபத்திரண்டு வருடம் வைத்திருந்தேன். ஒருநாளும் எடுத்துப் பார்க்கவில்லை.

அந்தப் பின்னைச் சட்டையில் குத்திக்கொண்டு, பின்னேரம் நோயாளர் பார்க்கிற நேரத்துக்கு வந்தேன். பஸ்ஸில் வழி நெடுக ஒரே வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பிழை எங்கட பக்கம் மச்சாள், பிழை எங்கட பக்கம் என்று. நீ யன்னல் ஓரக் கட்டிலில் கிடந்தாய். எவ்வளவு சிறுத்துவிட்டாய். என்னைக் கண்டதும் நேற்றும் பேசிக்கொண்டிருந்தவள் மாதிரிச் சொன்னாய்: "வந்திட்டியா. சட்டைப் பட்டன் கழண்டு போச்சு. பின் ஒண்டு இருக்காகா?"

எல்லோருக்கும் பின் கொடுத்தவளிடம் அன்று ஒன்றும் இல்லை. நீ என்னிடம் கேட்டாய். ஊசி ஏற்றிக் கட்டுப் போட்ட கையை மெல்ல நீட்டினாய்.

நான் கழற்றினேன். கழற்றி, உன் கைக்குப் பக்கத்தில், கட்டில் விரிப்பில் வைத்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று ஒவ்வொரு நாளும் என்னையே கேட்கிறேன். கோபத்தால் இல்லை, மச்சாள், என்னை நம்பு. இந்த முறை எதுவும் அறுந்துவிடக் கூடாது என்றுதான். இத்தனை வருடம் கழித்துக் கிடைத்த உன்னை ஒரு பின்னால் மறுபடி இழந்துவிடுவேனோ என்ற பயம். உறவைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் கீழே வைத்தேன். உன் விரல்கள் விரிப்பில் தடவித் தேடின. எட்டவில்லை. பிறகு கை அப்படியே மல்லாந்து விரிந்து கிடந்தது.

நீ சிரித்தாய். "இப்பவும் கீழதான் வைக்கிறாய்" என்றாய்.

அந்தச் சிரிப்பை எப்படி எடுப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நீ விளங்கிக்கொண்டாயா, அல்லது இவள் இன்னும் மாறவில்லை என்று நினைத்தாயா? நான் அதை எடுத்து உன் கையில் வைக்க நினைத்து எழும்புவதற்குள், வந்த தாதி விரிப்பிலிருந்து பின்னை எடுத்து உன் சட்டையில் குத்திவிட்டுப் போனாள். மணி அடித்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் எழும்பினார்கள். அத்தனை பேருக்கு நடுவில் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்தப் பொல்லாத சொல்லை மட்டும் ஒரு பந்தல் நிறைய ஆட்களுக்கு நடுவில் சொன்னவள் நான். நாளைக்கு வாறன் என்றேன். "ஆறுதலா வாகா" என்றாய்.

அடுத்த நாள் விடிய முதல் பிடித்த மழை. வாவி பெருகி றோட்டில் தண்ணீர் ஏறிவிட்டது, பஸ் ஓடவில்லை. நான் குடையைப் பிடித்துக்கொண்டு சந்தியில் நின்றேன். பகல் பன்னிரண்டு மணிக்கு உன் செய்தி வந்தது.

உன்னைக் குளிப்பாட்டி உடுத்தும்போது பெண்கள் எனக்கு இடம் விட்டார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிச் சட்டையில் அந்தப் பின் இன்னும் இருந்தது. ஊரில் எத்தனையோ பெண்களுக்குக் கொசுவம் பிடித்த உனக்கு அன்று நான் கொசுவம் பிடித்தேன். உன்னைப் போல வரவில்லை. ஆனால் தோளில் அந்த ஏழாவது பின்னைக் குத்தினேன், நீ குத்துகிற மாதிரி மடிப்புக்குள் மறைத்து. அது உன்னோடு போய்விட்டது. கடைசிவரை பார்த்துக்கொண்டே நின்றேன், மச்சாள். கழலவில்லை.

எட்டாம் நாள் உன் மனிசன் மிச்ச ஆறு பின்களையும் ஒரு கடுதாசியில் மடித்துக் கொண்டுவந்து என் கையில் தந்தார். நேராகக் கையில். ஆம்பிளைக்கு இந்தச் சாத்திரம் எல்லாம் எங்கே தெரியப்போகிறது. நான் வாங்கிக்கொண்டு நின்றேன். "உனக்குத்தான் குடுக்கச் சொன்னவ" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

சுற்றி வந்துவிட்டேன். இனிச் சொல்லத்தான் வேண்டும். பிழை உன்னுடையது இல்லை. பின்னுடையதும் இல்லை. இருபது வயதில் பயந்துபோன என் பிள்ளையுடையதும் இல்லை. கையில் கொடுத்ததால் நம் உறவு முறியவில்லை. என் வாய் முறித்தது. பிறகு அதை ஒட்டவைக்க நீ பதின்மூன்று வருடம் வேலியில் பின் செருகிப் பார்த்தாய். நான் ஒழுங்கையின் நடுவரை மட்டும் வந்தேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு முகமில்லை. பிழை என்னுடையது என்பதை மட்டும் என் கையெழுத்தில் எழுதி வைக்கிறேன்.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கும்போது பேத்தி வந்துவிட்டாள். நெஞ்சில் கடிகாரம் இல்லை, சட்டைப்பைக்குள் கிடந்தது. பின் எங்கே என்று கேட்டேன். தோள் விலகிய ஒரு மனிசிக்குக் கையைத் துணியால் ஏந்திக் கட்டினார்களாம், அந்த நேரம் பின் தட்டுப்பாடாம், இவள் தன் நெஞ்சிலிருந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். முக்கோணமாக மடித்து, முழங்கைப் பக்கம் குத்த வேண்டும் என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னாள். பெரிய டொக்டரே இவள் கட்டியதைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்றாராம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இறால் உரித்த நம் இரண்டு பேருடைய பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பேருடைய என்றுதான் நினைத்தேன், மச்சாள்.

நாளைக்கு இன்னொரு பின் வேண்டும் என்றாள். என் சட்டைக்குள் உன் மிச்சப் பின்கள் கோர்த்துக் கிடக்கின்றன. அவற்றோடு புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறேன், கேட்கிற ஆளுக்கென்று. அதைக் கழற்றினேன். அவள் தானாகவே மேசைப் பக்கம் தள்ளி நின்றாள், நான் அங்கேதான் வைப்பேன் என்று.

"கைய நீட்டு புள்ள."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "கையில தந்தா கோவம் வரும் எண்டு நீங்கதானே அம்மம்மா சொல்ற?"

"வந்தா வாயால பேசித் தீர்ப்பம்" என்றேன்.

அவள் உள்ளங்கை சூடாக இருந்தது. வைத்தேன். விரல்களை மடக்கி மூடிவிட்டேன்.

இனி உலை வைக்க வேண்டும். எழும்பி நடந்தால் என் சட்டைக்குள்ளிருந்து அந்தச் சின்னச் சத்தம் வருகிறது. இன்னும் பழகவில்லை எனக்கு. ஒவ்வொரு முறையும் நீதான் பின்னால் வருகிறாய் என்று திரும்பிப் பார்க்கிறேன்.